பனியன் கம்பெனியில் புதிதாக லைன் சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு: முதல் மாதத்தை எப்படி நடத்துவது

திருப்பூரில் பெரும்பாலான சூப்பர்வைசர்கள் படித்துவிட்டு அந்த நாற்காலிக்கு வருவதில்லை. நேற்றுவரை ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவரையோ செக்கிங் டேபிளில் நின்றிருந்தவரையோ கூப்பிட்டு, "நாளையிலிருந்து மூணாவது லைனை நீ பார்த்துக்கோ" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். எதைப் பார்க்க வேண்டும், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், 28 பேரிடம் எப்படி வேலை வாங்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. பக்கத்து லைன் அண்ணன்மார்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஏற்றுமதி கம்பெனியில் சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓட்டும் தையல் லைனை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். பீஸ் கணக்கில் கூலி தந்து தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டான பவர் டேபிளுக்குச் சில விஷயங்கள் மாறும்.

1. பொறுப்பை ஏற்கும் முன் காகிதத்தில் வாங்குங்கள்

வாய்வார்த்தையாக சூப்பர்வைசர் ஆகாதீர்கள். பதவி, சம்பளம், எந்தத் தேதியிலிருந்து என்பதெல்லாம் போட்ட கடிதம் வாங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் எல்லாத் தொழிலாளர்களுக்கும் கட்டாயம். ஆகவே கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சம்பள உயர்வில் ஒரு கண்ணி உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால்தான் ஈ.எஸ்.ஐ. அதில் உங்கள் பங்கு 0.75 சதவீதம், கம்பெனியின் பங்கு 3.25 சதவீதம். 20,000 சம்பளத்துக்கு உங்களிடம் பிடிப்பது வெறும் 150 ரூபாய். உயர்வு கொடுத்து 22,000 ஆக்கினால், ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று ஓடும் அந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும். அதன் பிறகு நீங்கள் புதிதாகப் பங்கு கட்ட முடியாது, அதற்குரிய பலன் காலம் முடிந்ததும் ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதியும் போய்விடும். வீட்டில் தொடர்ந்து மருந்து எடுக்கும் பெற்றோர் இருந்தால் இது பெரிய இழப்பு. கம்பெனி வேறு மருத்துவக் காப்பீடு போட்டுத் தருமா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது அதிகாரம். லீவு நீங்கள் தரலாமா, புரொடக்‌ஷன் மேனேஜர்தான் தர வேண்டுமா? அரை நாள் கேட் பாஸில் யார் கையெழுத்து? மெஷின் பழுதானால் மெக்கானிக்கை நேராகக் கூப்பிடலாமா? ஆளை லைன் மாற்ற யாரிடம் கேட்க வேண்டும்? இந்த நான்குக்கும் முதல் நாளே பதில் வாங்குங்கள். உங்களால் தர முடியாத லீவைத் தருகிறேன் என்று ஓர் அக்காவிடம் சொல்லிவிட்டு, மேனேஜர் மறுத்த பிறகு போய் நின்றால், அப்புறம் உங்கள் பேச்சை லைன் நம்பாது.

2. முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், லைனைப் படியுங்கள்

ஒரு நோட்டு வாங்கிக் கோடு போடுங்கள். இடப்பக்கம் பெயர்கள், மேலே மெஷின்கள்: ஓவர்லாக் (ஓரம் அடித்து இணைப்பது), பேட்லாக் (மடிப்புத் தைப்பது), சிங்கர் (நேர் தையல்), காஜா (பட்டன் துளை), பட்டன். யாருக்கு எது நன்றாக வரும், எது சுமாராக வரும், எது வராது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டும் பார்த்தும் நிரப்புங்கள். பத்து வருடமாக பேட்லாக்கில் இருப்பவருக்கு ஓவர்லாக்கும் வரும் என்பது ஆபீஸில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவரைப் போய்க் கேட்டவர் யாருமில்லை, அதனால்தான்.

பிறகு நேரம் எடுங்கள். ஸ்டாப்வாட்ச்சோடு பின்னால் போய் நிற்கக் கூடாது. முன்னால் போய், எதற்காக எடுக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு எடுங்கள். சொல்லாமல் எடுத்தால் டார்கெட்டை ஏற்றத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து மெதுவாகத் தைப்பார்கள், அப்படி நினைப்பது நியாயமும்கூட. ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து பீஸ் எடுத்துச் சராசரி போடுங்கள். நூல் மாற்றுவது, தண்ணீர் குடிப்பது, பண்டல் (வெட்டிய துணிக் கட்டு) பிரிப்பது எல்லாவற்றுக்குமாக அதோடு 15 சதவீதம் சேருங்கள்.

3. டார்கெட் கணக்கை நீங்களே போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். லைனில் எழுகிற சண்டைகளில் பாதிக்கு மேல் பொய்யான டார்கெட்டால் வருபவை.

24 மெஷின், எட்டு மணி நேரம் என்றால் கையில் இருப்பது 11,520 நிமிடம். ஸ்டைலின் (தைக்கும் ஆடை மாடலின்) எஸ்.ஏ.எம்., அதாவது ஒரு பீஸ் தைக்க நிர்ணயித்த நேரம், 8 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு நூறு ஓடினால் 1,440 பீஸ். எந்த லைனும் அப்படி ஓடாது. உங்கள் லைன் வழக்கமாக 55 சதவீதத்தில் ஓடுகிறது என்றால் 792 பீஸ், மணிக்கு 99. இதுதான் உங்கள் உண்மையான டார்கெட்.

புது ஸ்டைல் ஏறும்போது முதல் நாளே 55 வராது. முதல் நாள் 30, இரண்டாம் நாள் 40, மூன்றாம் நாள் 50 சதவீதம் என்று வைத்தால் 432, 576, 720. மூன்று நாளில் 1,728 பீஸ். 5,000 பீஸ் ஆர்டரில் மீதி 3,272. அதை நாளுக்கு 792 என்று தைத்தால் முடிவது எட்டாம் நாள். தொடக்க நாட்களைக் கணக்கில் எடுக்காதவர் ஏழாம் நாளே முடியும் என்று சொல்லிவிட்டு வருவார். அந்த ஒரு நாளைத் தையல்காரர்கள் ராத்திரி உட்கார்ந்து கட்ட வேண்டியிருக்கும். மேனேஜர் தேதி கேட்கும்போது, இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டிச் சொல்லுங்கள். தாளில் இருந்தால் அவரும், வாங்கும் கம்பெனியோடு தொடர்பில் இருக்கும் மெர்ச்சண்டைசரிடம் தைரியமாகப் பேசுவார்.

இனி பண்டல் தேங்கும் இடம். கழுத்து ரிப் (நெகிழும் பின்னல் பட்டி) அட்டாச் பண்ண 45 விநாடி ஆகிறது. 15 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 52 விநாடி, மணிக்கு 69 பீஸ். லைனுக்குத் தேவை 99. நீங்கள் எவ்வளவு சத்தம் போட்டாலும் அந்த ஒரு மெஷினிலிருந்து 69-க்கு மேல் வராது. அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் காத்திருப்பார்கள், முன்னால் இருப்பவர்களின் பீஸ் குவியும். குவியலைப் பார்த்துவிட்டு அந்த அக்காவைத் திட்டுவதுதான் பல லைன்களில் நடக்கிறது. அவர் ஒரு பிழையும் செய்யவில்லை.

லேபிள் வைப்பவர் 18 விநாடியில் முடிக்கிறார், சேர்த்தால் 21 விநாடிக்கு உள்ளே. 99 பீஸுக்கு 34 நிமிடம் போதும், மணிக்கு 26 நிமிடம் கையில் இருக்கிறது. ரிப்பில் குறைவது மணிக்கு 30 பீஸ், அதற்கும் தேவை சுமார் 26 நிமிடம். லேபிள்காரருக்கு ஓவர்லாக்கும் தெரியும் என்று உங்கள் நோட்டில் இருந்தால், சும்மா கிடக்கும் ஓர் ஓவர்லாக்கைப் பக்கத்தில் போட்டு, ஒவ்வொரு மணிக்கும் கொஞ்ச நேரம் அங்கே உட்காரச் சொல்லுங்கள். கணக்கில் சரியாக நிற்பது நடைமுறையில் கொஞ்சம் குறையும். இருந்தாலும் 69 என்பது 90-க்கு மேல் போய்விடும். அவருக்கு இது கூடுதல் வேலை என்பதை ஒப்புக்கொண்டு, கேட்டுச் செய்யுங்கள். உயர்வு பேசும் நேரத்தில் மறக்காமல் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

4. புது ஸ்டைலை லைனில் ஏற்றும் லோடிங்குக்கு முந்தின நாள் பைலைப் பாருங்கள்

அப்ரூவ் ஆன சாம்பிள், அளவு சார்ட், டிரிம் கார்டு (நூல், லேபிள் போன்றவற்றின் மாதிரி அட்டை), சைஸ் வாரியான கட்டிங் ரிப்போர்ட், பையர் (வாங்கும் கம்பெனி) சொன்ன திருத்தங்கள் ஆகிய ஐந்தும் பைலில் இருக்க வேண்டும். பிறகு பொருள்: நூல் ஷேடு (நிறச் சாயல்), மெயின் லேபிள், வாஷ்கேர் லேபிள், ரிப், டேப். பின்னலாடைக்குப் முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசிதானா என்பதையும் மெக்கானிக்கிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். தவறான ஊசி துணியின் கண்ணியை அறுத்துவிடும். ஓட்டை துவைத்த பிறகுதான் தெரியும்.

"லேபிள் மதியம் வந்துடும், ஏத்திடு" என்பார்கள். ஏற்றாதீர்கள். ஆளுக்கு நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்தால் மணிக்கு 75. லைனில் 28 பேர், ஒரு மணி நேரம் நின்றால் கூலி மட்டும் 2,100 ரூபாய். இருபது நிமிடம் என்றாலும் 700. பழைய ஸ்டைலை இன்னும் அரை நாள் ஓட்டுவது இதைவிட மலிவு. இந்த எண்ணைச் சொல்லிப் பேசினால் ஸ்டோரும் கட்டிங்கும் கொஞ்சம் வேகமாக நகரும்.

எந்தப் பண்டல் என்று காட்டும் பண்டல் டிக்கெட் கிழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு துணி ரோலில் வெட்டிய முன்பாகமும் வேறு ரோலில் வெட்டிய கையும் சேர்ந்துவிட்டால் ஷேடு வேறுபாடு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். அந்த பீஸைப் பிரித்துத் தைப்பதைத் தவிர வழியில்லை.

5. காலை ஐந்து நிமிடம், பிறகு மணிக்கு ஒரு தடவை

எட்டரைக்கு மெஷின் ஓடத் தொடங்கும் முன் எல்லாரையும் நிற்க வைத்து மூன்றே விஷயம் சொல்லுங்கள்: நேற்று எத்தனை வந்தது, இன்றைக்கு எத்தனை வேண்டும், எந்த இடத்தில் கவனம் தேவை. நேற்று குறைந்தது மெஷின் பழுதால் என்றால் அதையும் சொல்லுங்கள். மெக்கானிக் வர முக்கால் மணி நேரம் ஆனதற்குத் தையல்காரர்கள் பொறுப்பில்லை என்பதை உங்கள் வாயால் கேட்க வேண்டும் அவர்கள்.

மணிக்கணக்கு போர்டில் எண்ணிக்கையோடு காரணத்தையும் எழுதுங்கள். "10–11: 64, ரிப் ஷேடு மாற்றம்" என்று எழுதியிருந்தால் சாயங்காலம் கேள்வி கேட்பவருக்குப் பதில் அங்கேயே இருக்கும்.

பிழை கண்டால் பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மெஷினுக்கே போங்கள். பீஸைக் காட்டி, எங்கே விலகியிருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டி, மெதுவான குரலில் பேசுங்கள். அடுத்த பீஸை அவர் தைக்கும்வரை அங்கேயே நில்லுங்கள். லைன் முழுக்கக் கேட்கும்படி திட்டினால் அந்த அக்கா அடுத்த அரை மணி நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு தைப்பார். பக்கத்து நான்கு பேரும் வேலையை விட்டு அவரையே பார்ப்பார்கள். வயதில் மூத்தவர்களை அக்கா, அண்ணா என்றே கூப்பிடுங்கள். சூப்பர்வைசர் ஆன மறுநாளே "ஏய், நீ" என்று மாறியவர்களை இந்த ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. அவர்கள் லைனில் ஆள் தங்குவதில்லை.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தம்பி தங்கைகள் இல்லாத லைன் இப்போது குறைவு. நூலுக்குத் தாகா, ஊசிக்குச் சூயி, தையலுக்குச் சிலாயி, மெதுவாக என்பதற்குத் தீரே என்று இருபது சொல் கற்றுக்கொள்ளுங்கள். ஒடியா பேசுபவர்களிலும் பலருக்கு இந்தி புரியும். இங்கே ஒரு கண்ணி: காண்டிராக்டரின் ஆள் ஒருவரே எல்லாருக்கும் மொழிபெயர்ப்பாளராக இருந்தால், சாப்பாட்டுக் குறை, சம்பளப் பிடித்தம், காய்ச்சல் எதுவும் உங்கள் காதுக்கு வராது. அவரைத் தவிர இன்னும் ஒருவரிடமாவது நேராகப் பேசும் வழியை வைத்துக்கொள்ளுங்கள்.

6. தரத்தைக் கடைசி டேபிளுக்குத் தள்ளாதீர்கள்

பைனல் இன்ஸ்பெக்‌ஷனில் என்ன நடக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பையர் ஏ.க்யூ.எல். (ஏற்கக்கூடிய தர வரம்பு) 2.5 கேட்கிறார், 5,000 பீஸ் லாட் என்றால், வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனையில் 200 பீஸ் எடுப்பார்கள். பெரிய குறை 10 பீஸ் வரை பாஸ், 11 வந்தால் பெயில். 2,000 பீஸ் லாட்டுக்கு 125 எடுத்து 7 வரை பாஸ், 8 பெயில். பெயில் ஆனால் எல்லா அட்டைப்பெட்டியையும் பிரித்து மறுபடி செக் செய்யும் செலவு கம்பெனிக்கு, ஞாயிற்றுக்கிழமை வேலை உங்கள் லைனுக்கு.

ஆகவே லைனுக்குள்ளேயே, ஒவ்வொரு மெஷினிலும் காலையிலும் மதியமும் ஏழெட்டு பீஸ் எடுத்துப் பாருங்கள். ஆல்டரேஷன் பீஸை, அதாவது திருத்த வேண்டியதை, அன்றைக்கே தைத்தவரிடம் திருப்பிக் கொடுங்கள். ஆர்டர் முடிகிற அன்று ஆல்டரேஷன் மூட்டையைப் பிரித்தால், நூல் மாறியிருக்கும், மெஷின் வேறு ஸ்டைலுக்குப் போயிருக்கும்.

7. ஊசி உடைந்தால்

மெஷினை நிறுத்தி, உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, நேரமும் மெஷின் எண்ணும் எழுதிய பிறகே புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்தப் பண்டலைத் தனியே எடுத்து மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். குழந்தைகள் உடுப்பில் ஊசித் துண்டு போய்விட்டால் அது ஒரு குழந்தையின் உடம்பில் குத்தும். ஊசி உடைந்ததற்காக ஒருவரையும் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்தவர் அடுத்த முறை துண்டைக் காலால் தள்ளிவிட்டுத் தானே ஊசி மாற்றிக்கொள்வார்.

8. லீவைத் திருவிழாக் காலண்டரோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் காலியாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். புதியவர்கள் விடுவது மற்ற நாட்களைத்தான். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு ஊர்க் கோயில் கொடை, பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும் ஜூன் முதல் வாரம், ஒடிசாக்காரர்களுக்கு ஜூன் நடுவில் ரஜ பண்டிகையும் பிறகு ரத யாத்திரையும், பீகார்காரர்களுக்கு மார்ச் வாக்கில் ஹோலியும் தீபாவளிக்கு ஆறாம் நாள் சட் பூஜையும். ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். டிக்கெட் எடுக்கும் முன் உங்களிடம் தேதி சொல்லச் சொல்லுங்கள், சொன்ன தேதிக்கு லீவை உறுதியாக வாங்கிக் கொடுங்கள். லீவு கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ளவர் சொல்லிவிட்டுப் போய்த் திரும்பி வருவார். நம்பிக்கை இல்லாதவர் போனஸை வாங்கிக்கொண்டு சொல்லாமல் போய்விடுவார்.

ரிப், கழுத்து பேட்லாக் மாதிரியான கடின வேலை ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது ஆளைத் தயார் செய்யுங்கள். வேலை குறைந்த நாளில் ஒரு மணி நேரம் வேஸ்ட் துணியில் பழகவிட்டால் போதும். கைமடிகளில், அதாவது ஹெல்பர்களில், ஆர்வமுள்ளவர்களையும் இதில் சேருங்கள்.

9. ஷிப்ட், ஓவர்டைம், சனிக்கிழமைச் சம்பளம்

சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் இரட்டிப்புக் கூலி. நம் ஊரில் இரவு எட்டரை வரை வேலை பார்த்தால் ஒன்றரை ஷிப்ட் என்று எழுதி, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி போடாத பழக்கம் இருக்கிறது. அதை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பஞ்ச் போட்டு வெளியேறச் சொல்லிவிட்டு மறுபடி உட்கார வைப்பதற்கோ, ஆடிட்டுக்காகத் தனி வருகைப் பதிவேடு எழுதுவதற்கோ உங்கள் கையெழுத்தைக் கேட்டால் போடாதீர்கள். பிரச்சினை வரும்போது அந்தத் தாளில் இருப்பது உங்கள் பெயர்தான்.

ராத்திரி இருக்க முடியுமா என்பதை மதியத்துக்கு முன்பே கேளுங்கள். ஐந்தேகாலுக்குச் சொன்னால், பால்வாடியில் பிள்ளையை விட்டிருக்கும் அம்மா என்ன செய்வார்?

வெள்ளிக்கிழமை மாலை வருகைத் தாளை எடுத்து, பஞ்ச் விடுபட்டவர்களைச் சரிசெய்துவிடுங்கள். சனிக்கிழமை கவரில் அரை ஷிப்ட் குறைந்தால் திங்கட்கிழமை காலை வேலையே ஓடாது. புதிதாகச் சேர்ந்தவரின் ஆதாரிலும் பி.எஃப். பதிவிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா, பி.எஃப்.-க்கான 12 இலக்க யூ.ஏ.என். எண்ணும் 10 இலக்க ஈ.எஸ்.ஐ. எண்ணும் அவர் கைக்கு வந்ததா என்று முதல் மாதத்திலேயே கேளுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தால், வேலையை விட்ட பிறகு பணம் எடுக்க அவர் ஹெச்.ஆர். வாசலில் கால்கடுக்க நிற்பார்.

10. அடிபட்டால்

விரலில் ஊசி ஏறுவது அடிக்கடி நடப்பது. முதலுதவி செய்து, துணைக்கு ஆள் கொடுத்து அனுப்புங்கள், அன்றைக்கே ஹெச்.ஆர். மூலம் ஈ.எஸ்.ஐ. விபத்து அறிக்கை போக வேண்டும். வேலையிடத்து விபத்தால் வர முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் உதவித்தொகை கிடைக்கும். "வீட்டில் அடிபட்டது" என்று எழுதச் சொல்லும் இடங்கள் உண்டு. அப்படி எழுதினால் அந்தத் தொகை கிடைக்காது. சாதாரண நோய்க்கு 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை.

11. பெண்களிடமிருந்து புகார் வந்தால்

நீங்களே பஞ்சாயத்து பேசாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துப் புகார் தர வேண்டும், விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அந்தத் தங்கைக்கு எழுத வராவிட்டால் குழுவே எழுத உதவ வேண்டும். பாதுகாப்புக்கு என்று சொல்லி, புகார் கொடுத்தவரை அவர் கேட்காமல் வேறு லைனுக்கு மாற்றாதீர்கள். கழிப்பறைக்குப் போக டோக்கன், நேரக் கணக்கு எதுவும் உங்கள் லைனில் வேண்டாம்.

12. மாதம் முடிந்ததும் மேனேஜரைப் பாருங்கள்

ஒரே தாள் போதும்: நாள்வாரி பீஸ், லைன் நின்ற நேரமும் காரணமும், ஆல்டரேஷன் எண்ணிக்கை, வராத ஆட்கள், இரண்டு மெஷின் கற்றுக்கொண்டவர்களின் பெயர்கள். லைன் நின்ற மொத்த மணி நேரத்தை, லைனின் ஒரு மணி நேரக் கூலியான 2,100-ஆல் பெருக்கி அடியில் எழுதுங்கள். ஒரு கூடுதல் ஓவர்லாக்கோ, மெக்கானிக்கோ, யாருக்காவது கூலி உயர்வோ கேட்க வேண்டியிருந்தால் அந்தத் தொகைக்குக் கீழேயே எழுதிக் கேளுங்கள். ஷிப்மெண்ட் நெருக்கும் வாரத்தில் போகாதீர்கள். ஆர்டர் ஏற்றுமதியான மறுநாள் காலை, அவர் தேநீர் குடிக்கும் நேரத்தில் போங்கள், நகல் ஒன்றை உங்கள் நோட்டில் வைத்துக்கொண்டு.